குண்டூசி டீச்சரின் ஆமை மூச்சு

"மூச்சு விடறதுக்கு ஒரு கையெழுத்தா சார்? நான் போட மாட்டேன்."

கணக்கு டீச்சர் சுற்றறிக்கையை மேசையின் அந்தக் கோடிக்குத் தள்ளினார். ஹெச்.எம். அதை இந்தக் கோடிக்குத் தள்ளினார். காலையிலிருந்து இது நாலாவது தடவை. காகிதத்தின் ஓரம் சுருள ஆரம்பித்துவிட்டது.

"டீச்சர், எல்லாரும் போட்டுட்டாங்க. அஞ்சாம் வகுப்பு 'பி' மட்டும்தான் பாக்கி. தினமும் முதல் பீரியட்ல பத்தே பத்து நிமிஷம். கொஞ்சம் கை காலை அசைக்கணும், கொஞ்சம் மூச்சை இழுத்து விடணும், கொஞ்ச நேரம் மனசை ஒரு இடத்துல நிறுத்தணும். பிள்ளைங்களுக்குப் படிப்பு நல்லா ஏறுமாம்."

"என் கிளாஸ்ல முப்பத்தாறு பேரும் ஏற்கெனவே மூச்சு விட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. சந்தேகமா இருந்தா வந்து எண்ணிப் பாருங்க."

"நான் என்ன பண்ணட்டும்மா. மேல இருந்து வந்திருக்கு."

"மழைகூட மேல இருந்துதான் வருது. குடை பிடிக்கறதில்லையா?"

ஹெச்.எம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதில் கிடைக்காத நேரங்களில் அவர் செய்வது அதுதான். அவருடைய கண்ணாடி எப்போதும் பளபளவென்று இருக்கும்.

"சார், கணக்கு போட்டுப் பாருங்க. நாளைக்குப் பத்து நிமிஷம். வருஷத்துக்கு இருநூறு நாள். ரெண்டாயிரம் நிமிஷம். அதாவது அம்பது பீரியட். அம்பது பீரியட்ல நான் பின்னத்தை முடிச்சு, தசமத்தை முடிச்சு, மிச்ச நேரத்துல உங்களுக்கும் சொல்லிக் குடுத்துருவேன்."

"ரெண்டு மாசத்துல ஆபீசரம்மா வருவாங்க," என்றார் ஹெச்.எம்., கண்ணாடியை மாட்டிக்கொண்டு. "செய்யாத வகுப்பை பி.டி. சார்கிட்ட ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு. உங்களுக்கு ஆபீஸ்ல டைம்டேபிள் பொறுப்பு. சாக்பீஸ் பீரோ பக்கத்துல ஒரு மேசை போட்டுக் குடுத்திருவோம்."

டீச்சர் பேனா மூடியைக் கழற்றினார்.

ஐந்து 'பி' அவருக்கு வெறும் வகுப்பு இல்லை. மூன்றாம் வகுப்பிலிருந்து கையைப் பிடித்துக் கூட்டிவந்த முப்பத்தாறு பேர். இப்போது பின்னத்தில் சரிபாதியில் நிற்கிறார்கள். கூட்டலும் கழித்தலும் ஆயிற்று, பெருக்கலும் வகுத்தலும் பாக்கி. பின்னத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போவது, குழந்தையின் தலையில் சோப்பைப் போட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றாமல் போவது மாதிரி. ஆயுசுக்கும் கண் எரியும்.

கையெழுத்துப் போட்டார். ஆனால், போட்ட கை போட்டபடி இருக்கும் என்று யாரும் அவரிடம் எழுதி வாங்கவில்லையே.

அவர் வகுப்புக்கு ஒரே ஒரு விதிதான். குண்டூசி விழுந்தால் சத்தம் கேட்கவேண்டும். அதனால் பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் குண்டூசி டீச்சர். அது அவர் காதுக்கும் வந்திருந்தது. உள்ளுக்குள் பெருமைதான். "எனக்கு முதுகுலயும் ரெண்டு கண்ணு இருக்கு," என்று சொல்லிவிட்டு கரும்பலகைப் பக்கம் திரும்பினாரென்றால், பலகையின் இடது மூலையிலிருந்து வலது மூலை வரை படிப்படியாகக் கணக்கை எழுதி முடித்துவிட்டுத்தான் திரும்புவார். சில நாள் பத்து நிமிடம்கூட ஆகும். முப்பத்தாறு பேரும் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

இந்தப் பிள்ளைகளைப் போய் ஆடச் சொல்வதா?

மறுநாள் ஹெச்.எம். ஒரு நீள நோட்டை அனுப்பிவைத்தார். தேதி, செய்த பயிற்சி, நேரம், கையெழுத்து என்று நாலு கட்டம். தினமும் காலையில் நிரப்பி ஆபீசுக்கு அனுப்பவேண்டும்.

கணக்கு டீச்சர் நோட்டைப் பார்த்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த வகுப்புத் தலைவியைப் பார்த்தார். வகுப்பிலேயே உயரமான பெண். எல்லாரும் அவளைக் கொடிக்கம்பம் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"கொடிக்கம்பம், இங்க வா. இதை ஆபீஸ்ல குடுத்துட்டு வா," என்றபடி, பேனாவை எடுத்து யோசிக்காமல் எழுதினார்:

'ஆமை மூச்சு. தோளைத் தூக்கிக் கழுத்தை உள்ளே இழுத்து, ஐந்து எண்ணி மூச்சு வாங்கி, பத்து எண்ணி விடுதல். 10 நிமிடம்.'

அப்படி ஒரு மூச்சு உலகத்தில் எந்த ஆமைக்கும் கிடையாது. அவர் வாயில் வந்தது, எழுதிவிட்டார். கொடிக்கம்பம் நோட்டை வாங்கிக்கொண்டு போனாள். டீச்சர் பலகைப் பக்கம் திரும்பி, பின்னப் பெருக்கலை ஆரம்பித்தார்.

அதற்கு அடுத்த நாள் 'கொக்கு நிலை'. அதற்கடுத்து 'எறும்பு விரல்'. எழுத அரை நிமிடம்தான். மிச்ச ஒன்பதரை நிமிடமும் பின்னத்துக்கு லாபம்.

அஞ்சாவது நாள் மூன்றாம் வகுப்பு டீச்சர் ஓடிவந்தார்.

"அக்கா, ஆமை மூச்சு எப்படின்னு காட்டுங்களேன். ஹெச்.எம். சார் உங்க நோட்டைப் படிச்சுட்டு சொக்கிப் போயிட்டாரு. எல்லாரும் வெறும் 'கை தூக்குதல்'னு எழுதியிருக்கோம், நீங்கதான் பேரோட ஊரோட எழுதியிருக்கீங்களாம்."

கணக்கு டீச்சர் சுற்றும் முற்றும் பார்த்தார். வேறு வழியில்லை. ஆசிரியர் அறையின் நடுவில் நின்று, தோளைக் காதுவரை தூக்கி, கழுத்தை உள்ளே இழுத்துக் காட்டினார்.

"இப்படியே அஞ்சு எண்ணணுமா?"

"ம்ம்."

"வாயைத் திறந்தா மூடியா?"

"ஆமை எப்பவாவது வாயைத் திறந்து நீ பார்த்திருக்கியா?"

ஒரே வாரத்தில் பள்ளிக்கூடம் முழுக்கக் கழுத்துகள் காணாமல்போயின. ஒன்றாம் வகுப்பு தாழ்வாரத்தில் நின்று இழுத்துக்கொண்டிருந்தது. கேட்டில் வாட்ச்மேன் இழுத்துக்கொண்டிருந்தார். ஹெச்.எம்.கூட ஆபீஸ் ஜன்னலோரம் நின்று இழுப்பதை ரெண்டு பேர் பார்த்ததாகச் சொன்னார்கள்.

இதைப் பார்த்துவிட்டு பி.டி. சார் ஒரு தடித்த புத்தகத்தோடு வந்தார். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத இளைஞர். இந்தப் பயிற்சிக்காகவே மூன்று நாள் வெளியூர் போய்ப் படித்துவிட்டு வந்தவர்.

"டீச்சர், புத்தகத்தை ரெண்டு தடவை புரட்டிட்டேன். ஆமை எங்கேயும் இல்லை."

"அது மெதுவா வரும் தம்பி. ஆமை இல்லையா."

பி.டி. சார் குரலைத் தாழ்த்தினார். "டீச்சர், எனக்குப் புரியுது. நீங்க எதுவும் செய்யறதில்லைதானே?"

"யார்கிட்டயாவது சொல்லுவியா?"

"நான் எதுக்குச் சொல்றேன்? சொன்னா உங்க வகுப்பை என் தலையில கட்டிருவாங்க. பின்னம்னா எனக்கே இன்னும் தகராறு. ஆனா டீச்சர், ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. நிஜமாவே செஞ்சு பாருங்களேன். சின்னப் பிள்ளைங்க உடம்பு ஓரிடத்துல நிக்காது. கொஞ்சம் அசைய விட்டா, அப்புறம் கவனிக்கும்."

"என் பிள்ளைங்களைப் பார்த்திருக்கியா? கல்லுல செதுக்கின மாதிரி உட்கார்ந்திருக்கும். அசையாமலேதான் கவனிக்குது."

இனிமேல் யாரும் தன்னைப் பார்த்துக் காப்பியடிக்கக்கூடாது என்று முடிவெடுத்தார் கணக்கு டீச்சர். எவராலும் செய்யமுடியாத மாதிரி எழுதினால் விட்டுவிடுவார்கள். அடுத்த நாள் நோட்டில் இப்படி ஏறியது:

'நண்டு நடை. ஒற்றைக்காலில் நின்று, ஏழாம் வாய்பாட்டை எழுபதிலிருந்து பின்னோக்கி மனதுக்குள் சொல்லுதல். மூச்சு இழுக்கும்போது ஒரு எண், விடும்போது ஒரு எண். உதடு அசையக்கூடாது.'

மற்ற வகுப்புகள் முயன்று பார்த்தன. நாலாம் வகுப்பில் ஒருவன் மேல் ஒருவன் சரிந்து வரிசையே படுத்துக்கொண்டது. மூன்றாம் வகுப்பு டீச்சர் நாற்பத்திரண்டோடு நின்றுவிட்டார், அதற்குக் கீழே பின்னோக்கிச் சொல்ல அவருக்கே வரவில்லை. திட்டம் பலித்துவிட்டதென்று கணக்கு டீச்சர் நினைத்த அன்றுதான் ஹெச்.எம். காலைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தார்.

"இவ்வளவு கஷ்டமான பயிற்சியை, ஒரு சத்தமில்லாம தினமும் செய்யுற ஒரே வகுப்பு அஞ்சு 'பி'. நான் பத்து தடவை அந்தப் பக்கமா நடந்து பார்த்துட்டேன். ஒரு மூச்சுச் சத்தம்கூடக் கேக்கலை."

கேட்காதுதானே, என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார் டீச்சர்.

அன்றிலிருந்து தாழ்வாரத்தில் தலைகள் எட்டிப்பார்க்க ஆரம்பித்தன. டீச்சர் கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார். வெளியே ஒரு அட்டையில் 'மனம் ஒருமுகப்படுகிறது. தட்டாதீர்' என்று எழுதி மாட்டினார். உள்ளே பின்னப் பெருக்கல் ஜோராக நடந்தது. முன்பெல்லாம் யாராவது நகர்ந்தால் பெஞ்சு கிறீச்சிடும். இப்போது அதுகூட இல்லை. இரும்புக் காலுக்குக்கூட என் மேல் பயம் வந்துவிட்டது என்று டீச்சர் பூரித்துப்போனார்.

ஆனால் சாத்தின கதவுக்கு வாய் அதிகம். உள்ளே என்னமோ ரகசியப் பயிற்சி நடக்கிறதென்று ஊரெல்லாம் பரவியது. ஒருநாள் சாயங்காலம் ஒரு மாணவியின் அம்மா, தையல் கடையிலிருந்து இஞ்ச் டேப்பைக் கழுத்திலிருந்து எடுக்கக்கூட மறந்து வந்து நின்றார்.

"டீச்சர், என் பொண்ணு வீட்ல கணக்கு நோட்டை எடுத்தா முதல்ல தோளைத் தூக்கிக் கழுத்தை உள்ள இழுத்துக்கறா. கழுத்து புடிச்சுக்கிச்சோன்னு பயந்து தைலம் தேய்ச்சேன். 'சும்மா இரும்மா, எண்ணிக்கை விட்டுப் போச்சு'ன்னு திட்டறா."

"மத்த கிளாஸ் பிள்ளைங்ககிட்ட இருந்து ஒட்டிக்கிச்சு. நான் கண்டிக்கிறேன்."

"ஐயோ, கண்டிச்சுராதீங்க. முன்னெல்லாம் கணக்குன்னா அழுவா. இப்ப அவளா உக்காந்து போடறா."

"அது நான் நடத்தறதால," என்றார் டீச்சர்.

"சரிங்க," என்று தலையாட்டினார் அந்த அம்மா, நம்பாமல்.

அரையாண்டுத் தேர்வு வந்தது. பின்னத்தில் ஐந்து 'பி' மொத்தப் பள்ளியையும் தூக்கிச் சாப்பிட்டது. முப்பத்தாறில் முப்பத்திமூன்று பேர் முழு மதிப்பெண். மிச்ச மூன்று பேரும் விடையைச் சரியாக எழுதிவிட்டுப் பெயரை எழுத மறந்தவர்கள். கணக்கு டீச்சர் கம்பீரமாக ஆபீசுக்குள் நுழைந்தார். ஹெச்.எம். எழுந்தே நின்றுவிட்டார்.

"ஆமை ஜெயிச்சிருச்சு டீச்சர்."

"என்ன சார்?"

"ஆமை மூச்சு. நண்டு நடை. ஆபீசரம்மாவுக்கு உங்க நோட்டையும் மார்க்கையும் அனுப்பிட்டேன். வியாழக்கிழமை நேரா உங்க வகுப்புக்குத்தான் வர்றாங்க. உங்க நோட்டை அப்படியே அச்சடிச்சு எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பப்போறாங்களாம்."

மூன்று வருஷம் தொண்டை கிழிய நடத்தினது அவர். பேர் வாங்கிக்கொண்டு போவது, இல்லாத ஒரு ஆமை.

புதன்கிழமை பி.டி. சார் வந்து வாசலில் நின்றார். "டீச்சர், இன்னிக்கு ஒரு மணி நேரம் குடுங்க. பிள்ளைங்களுக்கு நான் எல்லாத்தையும் பழக்கிடறேன். நாளைக்கு ஆபீசரம்மா முன்னாடி செஞ்சு காட்டிட்டாப் போதும். வகுப்பு உங்ககிட்டயே இருக்கும். பின்னமும் என் பக்கம் வராது."

டீச்சர் பலகையில் பாதியில் நின்ற கணக்கைப் பார்த்தார். வகுத்தல் இன்னும் முடியவில்லை. ஒரே ஒரு மணி நேரம் வளைந்து கொடுத்தால் போதும்.

"வேண்டாம் தம்பி. நோட்டுல பொய் எழுதினது நான். அதுக்கு எனக்கு வெக்கமில்லை. ஆனா பிள்ளைங்களைப் பொய்யா ஆடச் சொல்ல என்னால முடியாது. நாளைக்கு வரட்டும். பார்த்துக்கறேன்."

வியாழக்கிழமை முதல் பீரியட். கரும்பலகையை ஒட்டி மூன்று நாற்காலிகள், பிள்ளைகளைப் பார்த்தபடி. நடுவில் ஆபீசரம்மா. ஒரு பக்கம் ஹெச்.எம்., இன்னொரு பக்கம் பி.டி. சார். ஆபீசரம்மா மடியில் அந்த நீள நோட்டு. அன்றைக்குரிய கட்டத்தைக்கூட டீச்சர் பழக்கதோஷத்தில் காலையிலேயே நிரப்பிவிட்டிருந்தார்.

"'கொக்கு நிலை. அதன்பின் ஆமை மூச்சு,'" என்று வாசித்தார் ஆபீசரம்மா. "அருமை. நான் இருபது வருஷமா வகுப்பு வகுப்பாப் போறேன். இவ்வளவு நல்ல பதிவேட்டைப் பார்த்ததில்லை. எங்கே, ஆரம்பிங்க டீச்சர்."

"ஆரம்பிக்க முடியாது மேடம்."

"ஏன்?"

"இந்தப் பிள்ளைங்களுக்கு அது தெரியாது. நான் ஒரு நாள்கூடச் செய்ய விட்டதில்லை. நோட்டுல இருக்கறது முழுக்க என் கற்பனை. ஆமையும் பொய், கொக்கும் பொய், நண்டு மகா பொய்."

ஹெச்.எம். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கக் கைக்குட்டை அகப்படாமல் டையாலேயே துடைத்தார்.

"பின்ன ஏன் எழுதினீங்க?"

"பத்து நிமிஷம் எனக்கு வேணும் மேடம். அந்தப் பத்து நிமிஷத்துலயும் பின்னம்தான் நடத்தினேன். இவங்க வாங்கின மார்க் கணக்கு நடத்தினதால வந்தது. ஆடாம அசையாம உட்கார்ந்து கவனிச்சதால வந்தது. இதைச் சொல்லாம விட்டா நீங்க ஆமையை அச்சடிச்சு ஊரெல்லாம் அனுப்பிருவீங்க. நாளைக்கு எந்தப் பள்ளிக்கூடத்துலயும் கணக்கு நடக்காது. கழுத்து மட்டும்தான் உள்ள போயிட்டு வெளிய வரும்."

வகுப்பில் குண்டூசி விழுந்தால் கேட்டிருக்கும்.

ஆபீசரம்மா நோட்டை மூடினார். மெதுவாக மூடினாலும் சத்தம் பெரிதாகக் கேட்டது. "நாற்பத்தியொரு நாள். நாற்பத்தியொரு பொய். நல்லாப் பாடம் நடத்தினீங்கங்கறதுக்காக இதை நான் விட முடியாது. ஹெச்.எம். சார், நாளையிலிருந்து இந்த வகுப்பு பி.டி. சார் பொறுப்பு."

பி.டி. சார் முகத்தில் ஈயாடவில்லை.

"நாளையிலிருந்துதானே மேடம்?" என்றார் கணக்கு டீச்சர்.

"ஆமா."

"அப்ப இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் இது என் கிளாஸ். பின்ன வகுத்தல் இன்னிக்குத்தான் முடிக்கணும். நீங்க உட்கார்ந்திருந்தாலும் சரி, எழுந்து போனாலும் சரி. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

சாக்பீஸை எடுத்தார். திரும்பினார். நாலில் மூன்றை எட்டில் ஒன்றால் வகுக்க, என்று எழுதினார். முக்கால் ரொட்டியை வரைந்தார். அதை எட்டில் ஒரு பங்குத் துண்டுகளாகக் கோடு கிழித்தார். எதைத் தலைகீழாக்கவேண்டும், ஏன் தலைகீழாக்கவேண்டும் என்று ஒவ்வொரு படியாக எழுதினார். இனி எழுதக் கிடைக்குமோ என்னவோ என்று நிதானமாகவே எழுதினார்.

பக்கத்தில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. ஹெச்.எம். தொண்டையைக் கனைக்கப்போய்ப் பாதியில் விட்டார். பி.டி. சாரிடமிருந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்ட மாதிரி ஒரு சத்தம் வந்தது.

வாயடைத்துப் போய்விட்டார்கள், என்று நினைத்துக்கொண்டார் டீச்சர். பின்ன வகுத்தலை ஒருத்தர் இப்படி நடத்தி இவர்கள் எங்கே பார்த்திருக்கப்போகிறார்கள்.

கடைசிப் படியை விடையில்லாமல் விட்டுவிட்டுத் திரும்பினார். முப்பத்தாறு பேரும் கல்லில் செதுக்கின மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

"விடை?"

"ஆறு டீச்சர்." முப்பத்தாறு குரல், ஒரே குரலாக.

"பார்த்தீங்களா மேடம். ஆடலை. அசையலை. மூச்சுப் பயிற்சி இல்லை. வெறும் கணக்கு."

ஆபீசரம்மா அவரைப் பார்க்கவில்லை. எப்போது எழுந்தாரோ, நின்றுகொண்டிருந்தார். கண் பிள்ளைகள் மேலேயே இருந்தது. மூடின நோட்டை மறுபடி திறந்து, இன்றைய பக்கத்தைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். மறுபடி நோட்டைப் பார்த்தார்.

"பசங்களா, இப்ப என்ன பண்ணீங்க நீங்க?"

கடைசி பெஞ்சிலிருந்து கொடிக்கம்பம் எழுந்தாள். டீச்சரை ஒரு தடவை பார்த்துவிட்டு ஆபீசரம்மா பக்கம் திரும்பினாள்.

"டீச்சரை மாத்தாதீங்க மேடம், நோட்டுல ஒரு நாள்கூடப் பொய் இல்லை, காலையில டீச்சர் எழுதறதை நான் படிச்சுட்டு வந்து சொல்லுவேன், அவங்க போர்டுப் பக்கம் திரும்பினதும் பெஞ்சு கிறீச்சிடாம இருக்கக் காலுக்கு அடியில துணி வெச்சு எல்லாரும் சத்தமில்லாம செஞ்சு முடிச்சிருவோம், டீச்சருக்குத்தான் தெரியாது."